முதுகுவலிக்கும் ஒன்பது அமினோ அமிலங்களுக்கும் என்ன தொடர்பு?

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய அண்ணனுக்கு அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ். ரத்தப் பரிசோதனையில் எச்எல்ஏ-பி27 (சுருக்கமாக பி27) என்ற மரபணு வகை பாசிட்டிவ். வீட்டார் பயந்துபோய் இவருக்கும் எடுத்துப் பார்க்க, இவரும் பாசிட்டிவ். ஆனால் ஒரு வலியும் இல்லை. வரன் பார்க்கும் நேரம் என்பதால் சொல்வதா மறைப்பதா என்று வீட்டில் தினமும் வாக்குவாதமாம். ‘இந்தச் சோதனை என்னதான் சொல்கிறது?’ என்று கேட்கிறார்.

கழுத்துத் தேய்மானத்தையும் நாம் ஸ்பாண்டிலைட்டிஸ் என்று சொல்லிவிடுகிறோம். இது வேறு. உடலின் நோய் எதிர்ப்பு மண்டலமே இடுப்பெலும்பு முதுகெலும்போடு சேரும் மூட்டுகளையும் முதுகெலும்பையும் தாக்குவது. முற்றினால் எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி முதுகு வளையாமல் போகும். 1973-ல் லண்டனில் டெரிக் பிரூவர்ட்டன் குழுவும், லாஸ் ஏஞ்சலஸில் பால் தெராசாகி இடம்பெற்ற குழுவும் தனித்தனியே ஒரே விஷயத்தைக் கண்டன: மேற்கு ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்குச் சுமார் 8 பேரிடம் மட்டுமே இருக்கும் பி27, இந்த நோயாளிகளில் ஏறக்குறைய 90 சதவீதம் பேரிடம் இருக்கிறது. தலைகீழாகப் பார்த்தால் கதை மாறும். பி27 உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை.

ஏன் சிலருக்கு மட்டும்? விடையின் ஒரு துண்டு ஈஆர்ஏபி1 என்ற நொதியில் இருக்கிறது. எனக்கு மிகப் பிடித்த நொதி இது.

முதலில் அடிப்படை. நம் செல்கள் தமக்குள் இருக்கும் புரதங்களை ஓயாமல் துண்டாக்கி, அந்தத் துண்டுகளை எச்எல்ஏ மூலக்கூறுகளில் பொருத்தி வெளிப்புறத்தில் காட்டுகின்றன. நோய் எதிர்ப்பு மண்டலத்தின் காவலர்களான டி-செல்கள் அதைப் பார்த்து, வைரஸ் துண்டு தெரிந்தால் அந்தச் செல்லைக் கொல்கின்றன. பி27 அப்படிப்பட்ட ஓர் எச்எல்ஏ. துண்டு பொருந்தி உட்காரும் அதன் பள்ளத்துக்கு இருபுறமும் அடைப்பு உண்டு. புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி; அதில் பெரும்பாலும் ஒன்பது அமினோ அமில நீளத் துண்டுதான் இந்தப் பள்ளத்தில் சரியாக உட்காரும். பல துண்டுகளோ அதைவிட நீளமாக வந்து சேர்கின்றன. அவற்றை நறுக்குவதுதான் ஈஆர்ஏபி1-இன் வேலை.

ஒன்பதில் நிறுத்த வேண்டும் என்று கண்ணும் மூளையும் இல்லாத ஒரு புரதத்துக்கு எப்படித் தெரிகிறது? 2005-ல் ஹார்வர்டைச் சேர்ந்த ஆல்ஃபிரட் கோல்ட்பர்க் குழு இதற்கு ஒரு விளக்கம் தந்தது. நொதியின் ஓரிடம் துண்டின் வால் நுனியைப் பிடித்துக்கொள்கிறது. வேறோரிடம் தலை நுனியிலிருந்து அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக வெட்டுகிறது. கிணற்றில் கயிறு தொங்குகிறது, தண்ணீரைத் தொடும் நுனி மட்டும் அறுந்து விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கயிறு தண்ணீருக்கு எட்டாத அளவு குட்டையானதும் அறுவதும் நின்றுவிடும். கிணற்றின் ஆழமே அளவுகோல்! இங்கே இரண்டு இடங்களுக்கும் நடுவிலுள்ள தூரம்தான் அந்த ஆழம். அப்படியும் வெட்டு எப்போதும் துல்லியமாக இருப்பதில்லை. சில துண்டுகள் அளவுக்கு மீறி வெட்டுப்பட்டு வீணாகின்றன. வெட்டும் வேகம் மாறினால் வெளியே காட்டப்படும் துண்டுகளின் பட்டியலே மாறிவிடும்.

இந்த நொதியின் 528-ஆவது இடத்தில் சிலருக்கு லைசின் என்ற அமினோ அமிலம், சிலருக்கு ஆர்ஜினின் என்ற வேறொன்று. ஆர்ஜினின் இருந்தால் வெட்டு மந்தம், அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் வரும் வாய்ப்பும் குறைவு. 2011-ல் வந்த பெரிய ஆய்வு ஒன்று இதில் ஒரு முடிச்சைப் போட்டது: இந்த வித்தியாசம் பி27 உள்ளவர்களிடம் மட்டுமே தெரிந்தது. அப்புறம், துருக்கியில் அதிகம் காணப்படும் பெசெட் நோயைப் பாருங்கள். வாய்ப்புண்ணும் கண் அழற்சியும் வரும் அந்த நோயோடு தொடர்புள்ளது பி51 என்ற வேறொரு எச்எல்ஏ. அங்கே மந்தமான ஈஆர்ஏபி1 வகை ஒன்றை அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு ஆபத்து கூடுகிறது. முதுகைக் காப்பாற்றும் அதே மந்தம் கண்ணுக்கு வினையாகிறது.

மரபணுக்களோடும் முடியவில்லை. மனித பி27-ஐப் புகுத்திய எலிகளுக்குக் குடலும் மூட்டும் வீங்கும். அதே எலிகளைக் கிருமியே இல்லாத சூழலில் வளர்த்தால் அந்தக் குடல், மூட்டு வீக்கம் வருவதில்லை. 2022-ல், நோயாளிகளிடம் கண்டெடுத்த சில டி-செல் ஏற்பிகள் (டி-செல்கள் துண்டுகளை அடையாளம் காண உதவும் புரதங்கள்), பி27 காட்டும் பாக்டீரியாத் துண்டையும் நம் உடலின் சொந்தத் துண்டையும் ஒன்றுபோல அடையாளம் காண்பதாகத் தெரிந்தது. இவ்வளவு வம்பு பிடித்த பி27-க்கு நல்ல பக்கமும் உண்டு. எச்ஐவி தொற்றியவர்களிடம் அது இருந்தால் எய்ட்ஸ் நிலைக்குப் போவது தாமதமாகிறது.

ஆகவே ஒற்றை மரபணுவை வைத்து ஒருவரின் எதிர்காலத்தைச் சொல்வது ஜாதகக் கட்டத்தில் ஒரு கிரகத்தை மட்டும் பார்த்துப் பலன் சொல்வதைவிட மேலானது அல்ல. ஜாதகத்தை நான் நம்புவதில்லை, அது வேறு விஷயம். ‘டிஎன்ஏ பொருத்தம்’ என்று விற்க வருபவர்களிடமும் அதே அளவு சந்தேகம் வையுங்கள். இத்தகைய ஆபத்துக் கணக்குகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சாவளியினரிடம் எடுத்தவை. ஜீனோம் இந்தியா திட்டம் பத்தாயிரம் பேரின் மரபணுத்தொகுதியை வாசித்தது நல்ல தொடக்கம். ஆனால் நோயாளிகளையும் அவர்களுடைய உறவினர்களையும் பத்து, இருபது ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வுக்குப் பணம் வேண்டும். நம் நிதி அமைப்புகளோ மூன்றாண்டுத் திட்டங்களையே விரும்புகின்றன.

சரி, வாசகிக்கு வருகிறேன். பி27 உள்ள பொதுமக்களில் இந்த நோய் வருவது நூற்றுக்கு ஐந்து பேருக்கும் குறைவு. அண்ணனுக்கு இருப்பதால் உங்கள் வாய்ப்பு அதைவிடக் கூடுதல். பத்து முதல் இருபது வரை என்பது பொதுவான கணக்கு. வராமல் இருக்கவே அதிக வாய்ப்பு. இப்போது மருந்தோ வருடாந்திர ஸ்கேனோ தேவையில்லை. முதுகுவலி மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தால், காலையில் விறைப்போடு எழுந்தால், ஓய்வெடுத்தால் கூடி நடமாடினால் குறைந்தால், மூட்டுவாத நிபுணரிடம் அண்ணனின் விவரத்தையும் சொல்லுங்கள். ஒரு கண் திடீரெனச் சிவந்து வலித்து வெளிச்சம் கூசினால் அன்றே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள்.