நிணநீர்த் தேக்கம்: கைக்குள் இருப்பது தண்ணீரா, கொழுப்பா?

என் பெரியம்மாவின் ரவிக்கைகளில் இடது கை மட்டும் பிரித்துத் தைத்ததாக இருக்கும். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்து, அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்து, கதிர்வீச்சும் முடிந்து ஒன்றரை வருடம் கழித்து அந்தக் கை பருக்கத் தொடங்கியது. "உடம்பைக் குறைங்க" என்றார்கள். குறைத்தார். ஏழு மாதத்தில் ஆறு கிலோ. ரவிக்கையின் வலது கை தொளதொளவென்று ஆனது, இடது கைத் தையல் இறுக்கம் விடவே இல்லை. "ஏன்டா, இதுக்குள்ள இருக்கறது தண்ணியா, கொழுப்பா?" என்று என்னிடம் கேட்டார்.

பதிலைத் தேடிப் போனபோது அதில் பாதி நோயின் பெயருக்குள்ளேயே கிடைத்தது. அதுவும் தமிழ்ப் பெயருக்குள்.

மருத்துவச் சீட்டில் எழுதியிருந்தது லிம்பெடீமா, அதாவது நிணநீர் தேங்கி வரும் வீக்கம். இது இரண்டு சொற்களின் கூட்டு. 'லிம்பா' என்றால் லத்தீனில் தெளிந்த நீர். நீரூற்றுகளில் வாழும் தேவதைகளைக் கிரேக்கர் 'நிம்ஃப்' என்பார்கள், அந்தச் சொல்லின் சாயல் இதில் ஏறியிருக்கிறது. டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் தாமஸ் பார்த்தோலின் 1650களில் உடம்பில் ரத்தக் குழாய் அல்லாத வேறொரு குழாய் வலையை விவரித்தபோது, உள்ளே ஓடியது தெளிந்த நீராகத் தெரிந்ததால் அந்தப் பெயரை வைத்தார். 'ஈடீமா' கிரேக்கச் சொல், வீக்கம் என்று பொருள். கிரேக்கக் கதையில் வரும் ஈடிப்பஸ் மன்னனின் பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான்: வீங்கிய பாதத்தான்.

பார்த்தோலினுக்குச் சுமார் முப்பது வருடம் முன்னால், 1622இல், இத்தாலியின் மிலான் நகரில் காஸ்பாரே அசெல்லி என்ற மருத்துவர் சற்றுமுன் சாப்பிட்டிருந்த ஒரு நாயின் வயிற்றைத் திறந்து பார்த்தார். குடலைத் தாங்கும் சவ்வில் மெல்லிய வெள்ளை இழைகள் ஓடின. ஒன்றைக் கீறியதும் பால் போன்ற திரவம் வழிந்தது. அது குடல் உறிஞ்சி எடுத்த கொழுப்பு. நாம் சாப்பிடும் கொழுப்பில் பெரும்பகுதி நேராக ரத்தத்துக்குப் போவதில்லை, இந்தக் குழாய்கள் வழியாகச் சுற்றித்தான் போய்ச் சேர்கிறது. கையிலும் காலிலும் தெளிவாக ஓடும் அதே ஆறு குடலில் பாலாக ஓடுகிறது.

இப்போது தமிழுக்கு வருவோம். பார்த்தோலின் பெயர் வைத்த அந்த நீருக்கு, அதாவது லிம்புக்கு, நம் பாடநூல்கள் தரும் சொல் நிணநீர். நிணம் என்பது பழைய சொல். திருமுருகாற்றுப்படையில் போர்க்களத்துப் பேய்மகளுக்கு 'நிணம் தின் வாயள்' என்று ஓர் அடைமொழி வருகிறது. அங்கே நிணம் என்றால் கொழுப்பு, கொழுப்போடு கூடிய ஊன். ஆக, நிணநீர் என்றால் கொழுப்பு கலந்த நீர். பார்த்தோலினின் சொல் தெளிவை மட்டும் சொல்கிறது. நம் சொல்லில் அசெல்லி பார்த்த பாலும் இருக்கிறது. பெரியம்மாவின் கேள்விக்கு இதனால்தான் இந்தச் சொல் பொருந்துகிறது என்று நினைக்கிறேன்.

நிணநீர்க் கணுவுக்கு ஊரில் சொல் உண்டு. காலில் முள் குத்திப் புரையோடினால் தொடை இடுக்கில் 'நெறி கட்டியிருக்கு' என்போம். அப்படித் திரண்டு வலிப்பது இந்தக் கணுதான். பலர் இதை 'நிணநீர்ச் சுரப்பி' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அது எதையும் சுரப்பதில்லை, வரும் நீரை வடிகட்டி அனுப்புகிறது. கரும்புக்கும் மூங்கிலுக்கும் சொல்லும் 'கணு'வே சரி.

லிம்பெடீமாவுக்கு 'நிணநீர் வீக்கம்' என்று எழுதுவது பரவலாக இருக்கிறது. தப்பில்லை. ஆனால் 'நிணநீர்த் தேக்க வீக்கம்', சுருக்கமாக நிணநீர்த் தேக்கம், என்றால் காரணமும் சேர்ந்து வருகிறது. வடிகால் அடைபட்டதால் (பெரியம்மாவுக்குக் கணுக்களை எடுத்ததுபோல) வந்த வீக்கம் என்று கேட்டவுடன் புரிகிறது. 'நிணநீர் அழற்சி' என்று போடுவது பிழை. அழற்சி வேறு, தேக்கம் வேறு. 'நீர் கோத்துக்கிச்சு' என்பது இதயமோ சிறுநீரகமோ சரியில்லாமல் இரண்டு காலும் வீங்குவதற்கே அதிகம் பொருந்தும். யானைக்கால் என்று எல்லாவற்றையும் சொல்லிவிடவும் கூடாது. அது சாக்கடை நீரில் வளரும் க்யூலெக்ஸ் கொசு பரப்பும் புழுவால் வருவது, இந்தத் தேக்கத்துக்கு உள்ள பல காரணங்களில் ஒன்று. பெரியம்மாவின் கையைப் பார்த்து ஒருவர் "யானைக்கால் கைக்கும் வருமா, ஒட்டிக்குமா?" என்று கேட்டுவிட்டார். அதன்பிறகு பல நாள் அவர் முந்தானையை இழுத்து அந்தக் கையை மூடிக்கொண்டே இருந்தார்.

சரி, தண்ணியா கொழுப்பா? முதலில் தண்ணீர், அப்புறம் கொழுப்பும். தேங்கும் நீரில் புரதம் இருக்கிறது, அது மேலும் நீரை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. அதனால் நீர் பிரியும் மாத்திரையோ வாழைத்தண்டுச் சாறோ இந்த வீக்கத்தை வடிப்பதில்லை. தண்ணீர் குடிப்பதைக் குறைத்தாலும் பலனில்லை. தேக்கம் மாதக் கணக்கில், வருடக் கணக்கில் நின்றால் அந்த இடத்தில் கொழுப்புத் திசு வளர்கிறது, நார்த்திசு கட்டித் தோல் கெட்டியாகிறது. சுவீடனின் மால்மோ நகர அறுவை மருத்துவர் ஹாகான் பிரோர்சன் இப்படி நாள்பட்ட கைகளிலிருந்து கொழுப்பை உறிஞ்சி எடுத்துக் காட்டியவர். தேங்கிய நிணநீர் தானே நிணமாக மாறிப்போவது போலத்தான் இது.

இந்தக் கொழுப்பு பட்டினிக்கு மற்ற இடத்துக் கொழுப்பு போல இறங்கிப் போவதில்லை. 'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று பெரியம்மா தினமும் கொள்ளு ரசம் வைத்தார். உடம்பு இளைத்தது, கை இளைக்கவில்லை. நம் பேச்சுமொழியிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. 'கை ஊதிப்போச்சு' என்கிறோம், 'ஆள் ஊதிட்டா' என்றும் சொல்கிறோம். ஒரே சொல் என்பதால் இரண்டுக்கும் ஒரே மருந்து என்று தோன்றிவிடுகிறது.

அமெரிக்காவில் ஆய்வாளர் கேத்ரின் ஷ்மிட்ஸ் குழுவினர், மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டு, கூடுதல் எடையும் கை வீக்கமும் இருந்த 351 பெண்களை ஒரு வருடம் கவனித்து 2019இல் முடிவை வெளியிட்டார்கள். எடை குறைக்க முயன்றவர்களுக்கு எடை குறைந்தது, கையின் வீக்கம் அதனால் குறையவில்லை. இதைப் படித்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. பெரியம்மா தான் சரியாகச் சாப்பாட்டைக் கட்டுப்படுத்தவில்லை என்று தன்னையே குறை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மேல் தப்பே இல்லை.

அதற்காக எடையை விட்டுவிடலாம் என்று அர்த்தமில்லை. உடல் பருமன் இந்தத் தேக்கம் வருவதற்கான வாய்ப்பையே கூட்டுகிறது. உடல் நிறை குறியீட்டெண் (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு, BMI) 50ஐத் தாண்டியவர்களுக்கு அறுவையோ கதிர்வீச்சோ இல்லாமலே கால்களில் நிணநீர் தேங்கலாம். இடுப்புக்குக் கீழே கால்கள் மட்டும் பருத்து, பாதம் மெலிந்தே இருந்தால் அது லிப்பெடீமா என்ற வேறு நோயாக இருக்கலாம். அதற்குக் 'கொழுப்புத் தேக்கம்' என்று சொல்லிப் பார்க்கிறேன், அதுவும் உணவுக் கட்டுப்பாட்டுக்கு எளிதில் மசியாது.

வீக்கத்தைப் பிடித்து வைப்பது அழுத்தம்தான். முதலில் கட்டுத்துணி சுற்றி வடிப்பார்கள், அப்புறம் அளவெடுத்த அழுத்த உறை. எல்லோரும் அதை 'ஸ்லீவ்' என்றே சொல்கிறார்கள், அப்படியே இருக்கட்டும். நிணநீருக்கு இதயம் போல ஒரு பம்பு கிடையாது. குழாய்கள் மெல்லச் சுருங்குவதும், தசை அசைவதும், மூச்சும்தான் அதைத் தள்ளுகின்றன. அதனால் கையை ஓய்வாக வைத்திருப்பது நல்லதல்ல. இதே ஷ்மிட்ஸ் 2009இல், வீக்கமுள்ள 141 பெண்களில் சுமார் பாதிப்பேர் கொஞ்சம் கொஞ்சமாக எடை தூக்கிப் பழகியதில், மற்றவர்களைவிட அவர்களுக்கு வீக்கம் கூடவில்லை என்று காட்டினார். கை திடீரென்று சிவந்து சுட்டு, காய்ச்சலும் வந்தால் மட்டும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

இப்போது பெரியம்மா ஒரு பழைய பால்கணக்கு நோட்டில் இரண்டு பத்தி போட்டிருக்கிறார். ஒன்றில் எடை. இன்னொன்றில் மணிக்கட்டிலிருந்து நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு முறை இஞ்ச் டேப் வைத்து எடுத்த சுற்றளவு. முதல் பத்தி இறங்கினால் இரண்டாவதும் இறங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதை விட்டுவிட்டார். போன மாதம் ஸ்லீவின் மேல்பகுதி தளர்ந்து, தோள் பக்கமிருந்து சுருண்டு இறங்க ஆரம்பித்தது. எடை குறைந்ததால் மேல்கை அளவு மாறியிருக்கிறது. சுருண்ட இடம் கயிறு போல இறுக்கி, அதற்குக் கீழே வீக்கத்தைக் கூட்டிவிடும். அடுத்த வாரம் புதிதாக அளவெடுக்கப் போகிறோம்.