ஊர்க்காட்டுக் கற்களும் நம் பிள்ளைகளும்: வெளிக்களப் பயணம் பற்றி ஆசிரியர்களுக்குச் சில வார்த்தைகள்

அரையாண்டுத் தேர்வு நெருங்கினாலே பள்ளிகளில் சுற்றுலாப் பேச்சு ஆரம்பித்துவிடும். ஊட்டி, கொடைக்கானல், இல்லாவிட்டால் தண்ணீரில் ஆட்டம் போடும் பூங்கா. அந்தச் சந்தோஷமும் பிள்ளைகளுக்கு வேண்டியதுதான். ஆனால் ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலைப் பக்கம் பத்தாம் வகுப்பு வரை படித்த பிள்ளை கொடுமணலை ஒருமுறைகூடப் பார்க்காமல் போவதை, சமூக அறிவியல் நடத்துகிற என்னால் ஏற்றுக்கொள்ள முடிவதில்லை.

நொய்யல் ஆற்றின் வடகரையில் இருக்கிற சின்ன ஊர் அது. 1980களின் நடுவில் தமிழ்ப் பல்கலைக்கழகம் அங்கே அகழாய்வு செய்தது. அப்புறம் புதுவைப் பல்கலைக்கழகமும் மாநிலத் தொல்லியல் துறையும் செய்தன. இரும்பு உருக்கிய உலைகள், பச்சைக்கல், பளிங்கு, சூதுபவளம் போன்றவற்றில் செய்த மணிகள், பாதி வேலையில் நின்றுபோன மணிகள், உடைத்துப் போட்ட கல் சில்லுகள் என்று ஒரு தொழில் ஊரே மண்ணுக்கடியில் இருந்தது. பச்சைக்கல் கிடைக்கும் படியூர் காங்கயத்துக்குப் பக்கம்தான். மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கரூருக்குப் போன பெருவழியில் இருந்ததால் வணிகமும் செழித்தது. பதிற்றுப்பத்து சொல்லும் கொடுமணம் இதுதான். பானை ஓடுகளில் தமிழி என்ற பழைய தமிழ் எழுத்தில் பெயர்கள் கீறியிருக்கின்றன. ஒன்றில் 'கண்ணன் ஆதன்' என்றிருக்கிறது. வகுப்பில் இருக்கிற கண்ணன் அதைக் கேட்டதும் நிமிர்ந்து உட்காருவான், பாருங்கள்.

நேரில் போனால் முதலில் ஏமாற்றமாகத்தான் இருக்கும். தோண்டிய குழிகளை மூடிவிட்டார்கள். உழவுக் காடும், கல் வட்டங்களும், நெட்டுக்குத்தலாக நிற்கும் கற்களும்தான் கண்ணில் படும். அதனால் போவதற்கு முன்பே வகுப்பில் படங்களைக் காட்டிப் பேசிவிட வேண்டும். ஒவ்வொரு கல் வட்டமும் இறந்தவர்களுக்கான ஈமச்சின்னம் என்று தெரிந்த பிறகு பிள்ளைகள் நடக்கிற விதமே மாறிவிடும்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியம். எதையும் எடுக்கக் கூடாது. உழவு ஓட்டிய காட்டில் கறுப்பு சிவப்பு ஓடு மினுங்கும், மழைக்குப் பிறகு மணிகூடத் தட்டுப்படும். பார்த்ததும் பிள்ளைகள் கை நீளும். பல ஆசிரியர்களே பள்ளிக் கண்காட்சிக்கு என்று பை நிறையப் பொறுக்கி வருகிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் ஓர் ஓடு எந்த இடத்தில், எந்த மண்ணடுக்கில், எதற்குப் பக்கத்தில் கிடந்தது என்பதை வைத்துத்தான் ஆய்வாளர்கள் அதன் காலத்தைக் கணிக்கிறார்கள். இடத்தை விட்டு வந்த ஓடு பேசாது. கிடக்கும் இடத்திலேயே வைத்துப் பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுக்கட்டும், செல்போனில் அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளட்டும். அதுவே அவர்களுக்கு ஆய்வுப் பயிற்சி.

கொடுமணலோடு அரச்சலூரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே நாகமலைக் குகையில் த, தி, தே என்று தாள எழுத்துகளை வரிசை வரிசையாகப் பாறையில் வெட்டியிருக்கிறார்கள். எழுத்தைச் சேர்த்தவன் 'மணிய் வண்ணக்கன் தேவன் சாத்தன்'. வண்ணக்கன் என்பவர் மணி, காசு இவற்றின் தரம் பார்ப்பவர். காலையில் மணி செய்த ஊரைப் பார்த்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைச் சொல்லி விளக்கவே வேண்டியதில்லை.

கல்வெட்டை வாசிக்க மைதா மாவோ சாக்பீஸோ தேய்க்க வேண்டாம். காலை வெயிலோ மாலை வெயிலோ சாய்வாக விழும்போது எழுத்து தானாகத் தெரியும். குகைக்குள் என்றால் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் போதும். பாறையில் தேன்கூடு இருக்கிறதா என்று முதலில் ஒரு பெரியவர் போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.

வெள்ளோடு பறவைகள் சரணாலயத்தையும் பயணத்தில் சேர்க்கலாம். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்குத் தரும் ராம்சர் தகுதி அதற்கு 2022இல் கிடைத்தது. குளிர்காலம்தான் அங்கே போக ஏற்ற காலம். ஒரத்துப்பாளையம் அணையையும் விட்டுவிடாதீர்கள். ஈரோடு, கரூர் மாவட்ட வயல்களுக்காக 1992இல் திறந்த அணை, திருப்பூர் சாயக்கழிவு தேங்கும் இடமாகிப்போனது. விவசாயிகள் வழக்காடினார்கள். 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்னது. பிள்ளைகள் பலருடைய வீட்டில் அப்பாவோ அம்மாவோ பனியன் கம்பெனியில் வேலை செய்வார்கள். அதனால் இந்தப் பேச்சைக் குற்றம் சாட்டும் தொனியில்லாமல், பொறுமையாக நடத்த வேண்டும். தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது.

காங்கயம் பக்கத்துக் கொறங்காட்டையும், அதாவது மாடு மேய்க்கும் காட்டையும், காட்டுங்கள். சுற்றிலும் கிளுவை வேலி, நடுவில் வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப் புல். ஒரு காட்டில் மேய்ச்சல் முடிந்ததும் மாட்டை அடுத்த காட்டுக்கு மாற்றி, புல் தழைக்க விடுவார்கள். காங்கயம் கன்று செவலையாகப் பிறந்து சில மாதத்தில் சாம்பல் நிறமாவதும் பிள்ளைகளுக்கு வியப்பு. இப்போது இந்தக் காடுகள் வீட்டு மனைகளாகிக்கொண்டிருக்கின்றன. பொக்லைன் ஒருமுறை ஓடினால் வேலியோடு கல் வட்டமும் போய்விடும்.

ஊருக்குள்ளேயே புலிகுத்திக்கல் இருக்கலாம். மாட்டுப் பட்டியைக் காக்கப் புலியோடு சண்டையிட்டுச் செத்த வீரனுக்கு நட்ட கல். அதன் கதையைத் தெரிந்துவரப் பிள்ளைகளை அவரவர் அப்புச்சி, அமுச்சியிடம் அனுப்புங்கள். கும்பிடும் கல் என்றால் செருப்பைக் கழற்றிவிட்டு, பூசாரியிடம் கேட்டுவிட்டுப் படம் எடுக்க வேண்டும். சாலையோரத்தில் கிடப்பதுதான் ஆபத்தில் இருப்பது. சாலையை அகலப்படுத்தும்போது மண்ணோடு போய்விடும்.

இந்த இடங்களில் பெரும்பாலானவை தனியார் காடு. தோட்டத்துக்காரரிடம் முன்கூட்டியே போய், "ஏனுங்க, பசங்களைக் கூட்டிட்டு வரலாமுங்களா?" என்று கேட்டுவிடுங்கள். நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளும் என்ற பயம் பலருக்கு உண்டு. புதையல் வதந்தி கிளம்பினால் இரவோடு இரவாகத் தோண்டிவிடுவார்களே என்ற கவலையும் உண்டு. அந்த வதந்தியைக் கிளப்பும் பேச்சு நம் வாயிலிருந்து வரக் கூடாது. மண்ணில் புதைந்திருந்து கிடைக்கும் மதிப்புள்ள பொருளை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. இதையும் தோட்டத்துக்காரரிடம் சொல்லுங்கள்.

புதிதாக எதையாவது பார்த்தால் ஃபேஸ்புக்கில் இடத்தோடு போட வேண்டாம். தலைமையாசிரியர் வழியாகத் தொல்லியல் துறைக்குக் கடிதம் எழுதி, வட்டாட்சியருக்கு ஒரு நகல் அனுப்புங்கள். ஊர், காட்டின் பெயர், சர்வே எண், கல்லின் உயரமும் அகலமும், படம் எடுத்த நாள், நில உரிமையாளரின் சம்மதம் எல்லாம் அதில் இருக்கட்டும். கண்டுபிடித்த மாணவியின் பெயரையும் வகுப்பையும் மறக்காமல் எழுதுங்கள்.