பென்சிலுக்கு முதலில் துளை, அப்புறம்தான் உடம்பு

லீட் பென்சிலின் தலையை ஒரு தடவை அழுத்தினால் லீட் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர்தான் வெளியே வருகிறது. அப்புறம் தாளில் அழுத்தி எழுதினாலும் அது உள்ளே போவதில்லை. இதைச் செய்வது முனை மூன்றாகப் பிளக்கப்பட்ட ஒரு சின்னப் பித்தளைத் துண்டு. அந்த மூன்று தாடைகளைச் சுற்றி ஒரு வளையம். பின்னால் இருக்கும் ஸ்பிரிங் தாடைகளை எப்போதும் வளையத்துக்குள் இழுத்து வைத்திருக்கிறது. தாடைகளின் வெளிப்புறம் கூம்பாக இருப்பதால், எழுதும்போது லீட் பின்னால் தள்ளத் தள்ளப் பிடி இறுகுகிறது.

தலையை அழுத்தும்போது தாடை, வளையம், லீட் மூன்றும் சேர்ந்தே முன்னால் நகர்கின்றன. கொஞ்ச தூரத்தில், பென்சிலின் மூக்குக்குள், அதாவது முன்பக்கக் கூம்புக்குள், இருக்கும் ஒரு படியில் வளையம் முட்டி நின்றுவிடும். தாடை மட்டும் தொடர்ந்து முன்னால் போகும். வளையத்தை விட்டு வெளியே வந்ததும் விரிந்து லீட்டை விட்டுவிடும். விரலை எடுத்தால் தாடை திரும்பிப் போகும், லீட் போகாது. மூக்கின் நுனியில் உள்ள சின்ன ரப்பர் அதைப் பிடித்துக்கொள்ளும். ஆக, வளையம் எவ்வளவு தூரம் நகர்கிறதோ அவ்வளவுதான் ஓர் அழுத்தலுக்கு வரும் லீட்.

சொந்தமாகப் பென்சில் கடைபவர்கள் பெரும்பாலும் இந்த உள்பாகத்தை வாங்கிவிடுவார்கள், அல்லது பழைய பென்சிலிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். உடலும் மூக்கும்தான் லேத்தில் (கடைசல் இயந்திரத்தில்) பிறக்கின்றன. மூக்குக்குள் அந்தப் படியை 0.2 மி.மீ. கூடுதல் ஆழத்தில் கடைந்தால், ஒவ்வொரு அழுத்தலுக்கும் 0.2 மி.மீ. கூடுதலாக லீட் வரும். ரொம்ப ஆழமாகிவிட்டால் வளையம் படியைத் தொடவே தொடாது, தாடையும் விரியாது. லீட் முன்னால் போய் அப்படியே திரும்பிவிடும். இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வெளியே தெரியாத ஒரு படி, பென்சிலின் குணத்தையே தீர்மானிக்கிறது.

உடலிலும் கதை அதேதான். 12 மி.மீ. பித்தளைக் கம்பியில் 6 மி.மீ. துளையை 100 மி.மீ. ஆழத்துக்குப் போட வேண்டும் என்று வையுங்கள். விட்டத்தைப் போல 16 மடங்குக்கும் மேலான ஆழம். அவ்வளவு நீளமான ட்ரில் வளையும், விலகும். லேத்தில் கம்பி சுழல, ட்ரில் சுழலாமல் நிற்பதால் விலகல் குறைவு. ஆனாலும் இல்லாமல் போகாது. வெளிப்புறத்தை முதலில் 9 மி.மீ.க்குக் கடைந்து முடித்துவிட்டு, பிறகு போட்ட துளை 0.3 மி.மீ. விலகியது என்றால், சுவர் ஒரு பக்கம் 1.2, எதிர்ப்பக்கம் 1.8. மூக்கை மாட்டினால் இணைப்பில் ஒரு விளிம்பு நகத்தில் தட்டும். அதனால் துளைதான் முதலில். அப்புறம் அந்தத் துளைக்குள்ளேயே தாங்கல் கொடுத்துக் கம்பியைச் சுழற்றி வெளிப்புறத்தைக் கடைய வேண்டும். துளை எங்கே போயிருக்கிறதோ, உடம்பு அதன் பின்னாலேயே போகும்.

பித்தளைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. சாதாரண ட்ரில்லின் வெட்டு விளிம்பு சாய்வாக இருப்பதால், பித்தளை அதைத் திருகாணி மாதிரி உள்ளே இழுத்துக்கொள்ளும். ட்ரில் சிக்கும், சில நேரம் உடையும். விளிம்பைச் சாணைக்கல்லில் லேசாகத் தேய்த்துத் தட்டையாக்கினால் இழுவை நின்றுவிடும். துருவல் பொடிப்பொடியாக உதிரும். இடையிடையே ட்ரில்லை வெளியே எடுத்து அதை அகற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.

பிடிக்கும் இடத்தில் சொரசொரப்புக்கு நர்லிங் செய்வார்கள், அதாவது வரிபோட்ட சின்னச் சக்கரத்தை அழுத்தி உருட்டுவார்கள். அது உலோகத்தை வெட்டுவதில்லை, அழுத்தி மேலெழுப்புகிறது. எனவே விட்டம் கொஞ்சம் கூடும். மெல்லிய சுவர் நசுங்காமல் இருக்க, துளைக்குள் ஒரு கம்பியைச் செருகிவிட்டுச் செய்வது நல்லது.

நுனிதான் சோதிக்கும். 0.5 என்று விற்கும் லீட்டின் உண்மையான தடிமன் சுமார் 0.56 மி.மீ. அதற்கு 0.6 மி.மீ. துளை வேண்டும். நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும் லேத்தில், 10 மி.மீ. கம்பியின் மேற்பரப்பு நிமிடத்துக்கு 94 மீட்டர் வேகத்தில் போகிறது. அதே சுற்றில் 0.6 மி.மீ. ட்ரில்லின் ஓரத்துக்குக் கிடைப்பது 6 மீட்டர்கூட இல்லை. கொஞ்சம் அவசரப்பட்டுத் தள்ளினால் ட்ரில் முறிந்துவிடும். அதனால் பலர் ஆயத்தமாகக் கிடைக்கும் மெல்லிய ஸ்டீல் குழாயை நுனியில் பொருத்திவிடுகிறார்கள்.

மூக்கைக் கடையும்போது தாடைக்கும் நுனிக்கும் இடையிலான தூரத்தையும் கவனிக்கலாம். லீட்டின் கடைசித் துண்டு அந்தத் தூரத்தைவிடக் குட்டையாகிவிட்டால் தாடைக்கு எட்டாது. எழுத முயன்றால் உள்ளே வழுக்கும், அது வீண்தான். ரப்பருக்கும் அந்தப் படிக்கும் தேவையான இடத்தை விட்டுவிட்டு, மிச்ச நீளத்தை முடிந்த மட்டும் குறைத்துவிடுங்கள்.