முய் அந்தப் பந்தை எப்படிப் பிடித்தாள்?

'ஷாவ்லின் சாக்கர்' என்றதும் பலருக்கு நினைவில் வருவது, உதைத்த வேகத்தில் பந்து தீப்பிடித்துப் பறக்கும் காட்சிதான். ஸ்டீபன் சோ இயக்கி நடித்து, 2001-ல் ஹாங்காங்கில் வெளியான கான்டனீஸ் படம் இது. ஒரே குருவிடம் குங்ஃபூ கற்ற சீடர்கள் சேர்ந்து கால்பந்து ஆடும் கதை.

சரி, பந்து உண்மையிலேயே எரியுமா? பாயும் பந்தின் முன்னால் இருக்கும் காற்று நசுங்கிச் சூடாவது நிஜம். ஆனால் நொடிக்கு 30 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 108 கி.மீ. வேகத்தில், அந்தச் சூடு அரை டிகிரிகூட ஏறாது. 400 டிகிரி ஏற வேண்டுமென்றால் நொடிக்கு சுமார் 900 மீட்டர் வேண்டும். ஒலியைவிட இரண்டரை மடங்குக்கும் மேல்! மனிதக் காலுக்கு அது முடியாது.

என் கண்ணில் இந்தப் படத்தின் உண்மையான அறிவியல் முய்யின் கைகளில் இருக்கிறது. விக்கி ஜாவ் நடித்த பாத்திரம் அது. தெருக்கடையில் ஆவியில் வேகவைக்கும் பன்னுக்கு மாவு பிசைகிறாள், தாய்ச்சி என்னும் சீனத் தற்காப்புக் கலையின் அசைவிலேயே. மாவை அவள் அடிப்பதில்லை. அது போகும் போக்கில் கையை விட்டு, வளைத்துத் திருப்புகிறாள். இறுதி ஆட்டத்தில் கோல்கீப்பர்கள் அடிபட்டு வெளியேறிய பின், மொட்டைத் தலையோடு வந்து நிற்கும் அவள் பந்தையும் அப்படித்தான் எதிர்கொள்கிறாள்.

கணக்கைப் பாருங்கள். பந்தின் எடை சுமார் 430 கிராம். நொடிக்கு 30 மீட்டரில் வரும் அதை, கையை விறைப்பாக நீட்டி நொடியின் நூறில் ஒரு பங்கு நேரத்தில் நிறுத்தினால், கையில் விழும் சராசரி விசை சுமார் 1,300 நியூட்டன். 130 கிலோ மூட்டையை மணிக்கட்டில் வைத்த மாதிரி. அதே பந்தைத் தொட்ட கணத்திலேயே கையைப் பின்னுக்கு இழுத்து, முக்கால் மீட்டர் தூரம் அதோடு போய் நிறுத்தினால்? நேரம் ஐந்து மடங்காகும், விசை 26 கிலோவுக்கு இறங்கிவிடும். பந்தின் உந்தம் மாறவில்லை. அதை வாங்கிக்கொள்ள எடுத்த நேரம்தான் மாறியது. நல்ல கோல்கீப்பர்கள் முழங்கையைத் தளர்த்திப் பந்தை நெஞ்சோடு அணைப்பது இதற்காகத்தான்.

முய் இன்னும் ஒரு படி போகிறாள். பந்தை நிறுத்தாமல் சுழற்றித் திருப்பி விடுகிறாள். இது அத்தனை சுலபமில்லை. வேகம் குறையாமல் 60 செ.மீ. ஆரத்தில் வளைக்க, கை 65 கிலோ அளவுக்கு உள்நோக்கி இழுத்தபடி இருக்க வேண்டும். பந்தோ உருண்டை, பிடிமானம் கிடையாது. அந்த இழுப்பைத் தோள் மட்டும் தாங்காது. இடுப்பு திரும்ப வேண்டும், பாதம் தரையை அழுத்த வேண்டும். தாய்ச்சி பழகுபவர்களிடம் கேட்டால், கையை நகர்த்துவதே இடுப்புதான் என்பார்கள்.