முதலில் வாலை எண்ணுங்கள், அப்புறம் செயலியைத் திறங்கள்

மறையூர்ப் பக்கத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் ஓடைப் பூச்சிகளைப் பற்றிப் பயிற்சி கொடுத்து வருகிறேன். கேரளத்தில் கிழக்கே பாயும் மூன்று ஆறுகளில் ஒன்றான பாம்பாறு இங்கே ஓடுகிறது. அமராவதி அணைக்கும் உடுமலை வயல்களுக்கும் போகிற தண்ணீர் இது. அது நன்றாக இருக்கிறதா என்பதைக் கல்லுக்கடியில் வாழும் பூச்சிகளே சொல்லிவிடும். ஆய்வகச் சோதனை அன்றைய தண்ணீரை மட்டும் காட்டும். இவை மாதக்கணக்கில் அதே இடத்தில் வாழ்ந்தவை.

முதல் வகுப்பில் ஒரு தவறு செய்தேன். படத்தைப் பார்த்து உயிரினத்தின் பெயரைச் சொல்லும் செயலியோடு, எடுத்தவுடன் செல்போனைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். மணல் துகள்களை ஒட்டவைத்துக் கூடு கட்டியிருந்த, கேடிஸ்ஃபிளை என்ற ஓடைப் பூச்சியின் புழுவைச் செயலி நத்தை என்றது. எல்லோரும் நோட்டில் நத்தை என்றே எழுதினார்கள். வெள்ளைத் தட்டில் அந்த 'நத்தை' ஆறு கால்களை நீட்டி நடந்துகொண்டிருந்தது. ஒருவர்கூடத் தட்டைப் பார்க்கவில்லை.

செயலியைக் குறை சொல்ல மாட்டேன். ஐநேச்சுரலிஸ்ட், சீக் போன்றவை மக்கள் ஏற்றும் படங்களிலிருந்து கற்றுக்கொள்பவை. பறக்கும் தட்டானைப் படம் எடுக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சேற்றில் கிடக்கும் அதன் இளம் பருவத்தை யார் எடுக்கிறார்கள்?

இப்போது முதல் பத்து நிமிடம் போன் பைக்குள்தான். கால் எத்தனை, வால் எத்தனை, செவுள் எங்கே என்று பார்த்து வரையச் சொல்கிறேன். மூன்று வால் இருந்து, வயிற்றின் இரு ஓரத்திலும் செவுள் அசைந்தால் பெரும்பாலும் மேஃபிளை என்ற பூச்சியின் இளம் பருவம். ஸ்டோன்ஃபிளை என்ற இன்னொரு பூச்சிக்கு இரண்டு வால். ஆனால் இரண்டு வால் மேஃபிளைகளும் உண்டு என்பதால் கால் நுனியைப் பார்க்க வேண்டும்: மேஃபிளைக்கு ஒரு நகம், ஸ்டோன்ஃபிளைக்கு இரண்டு. போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ் இதற்குத்தான் மிகவும் உதவுகிறது. ஊசித்தட்டானின் இளம் பருவத்தில் பிள்ளைகள் வழக்கமாக ஏமாறுவார்கள். பின்னால் இலைபோல நீட்டிக்கொண்டிருக்கும் மூன்றும் வால் அல்ல, செவுள்.

அப்புறம் படம். தட்டில் தண்ணீர் குறைவாக இருக்கட்டும். ஃபிளாஷ் வேண்டாம், நிழலில் எடுங்கள். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. மலையில் சிக்னல் கிடைக்காத இடங்களில் சீக் கைகொடுக்கும். இணையமில்லாமலும் இயங்கும், கணக்குத் தொடங்கவும் தேவையில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அது ஒரு பாதுகாப்பும்கூட.

செயலி இனத்தின் பெயரையே சொன்னாலும் நாங்கள் 'குடும்பம்' (நெருங்கிய இனங்கள் சேர்ந்த பெரிய பிரிவு) என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறோம். பூச்சிகளை வைத்துத் தண்ணீரின் தரத்தை மதிப்பிட பிரிட்டனில் உருவான பி.எம்.டபிள்யூ.பி. மதிப்பெண் முறைக்குக் குடும்பம் தெரிந்தாலே போதும். அதில் மாசைத் தாங்காத ஸ்டோன்ஃபிளைக் குடும்பங்கள் பலவற்றுக்கு 10, மாசிலும் வாழும் நீர்மண்புழுக்களுக்கு 1. செயலியின் விடையும் பிள்ளை வரைந்த படமும் ஒத்துப்போகாவிட்டால் அந்தப் பூச்சிக்குக் கேள்விக்குறி போட்டு வைக்கிறோம்.

போன முறை ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டாள்: "சார், சிவப்புப் புழு கிடைச்சிருக்கு. ஓடை கெட்டுப்போச்சா?" அந்தப் புழு சிவப்பாக இருப்பதற்குக் காரணம் நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின்தான், அதனால் ஆக்சிஜன் குறைந்த தண்ணீரிலும் அது தாக்குப்பிடிக்கும். நல்ல ஓடையிலும் ஒன்றிரண்டு இருக்கும். "தட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள், எண்ணு" என்றேன். இரண்டு நகம் கொண்ட ஸ்டோன்ஃபிளைகள் நான்கு இருந்தன. எண்ணி எழுதிவிட்டு, தட்டை ஓடையில் மெதுவாகச் சாய்த்தாள்; புரட்டிய கல்லையும் பழையபடியே வைத்தாள்.