ஒழுங்கின்மை (டிஸ்ஆர்டர்)

'டிஸ்ஆர்டர்' என்பதைக் 'கோளாறு' என்று பெயர்ப்பது மருத்துவத்துக்குச் சரி. மின்கடத்தலுக்குப் பொருந்தாது. இஸ்திரிப்பெட்டியின் நிக்ரோம் கம்பியில் கோளாறு ஏதும் இல்லை. 80 பங்கு நிக்கலும் 20 பங்கு குரோமியமும் ஒரே அணுவடுக்கில் முறைவைப்பின்றி இடம்பிடித்திருக்கின்றன. அதனால் அதன் மின்தடைமை தூய நிக்கலைப்போல் ஏறத்தாழ 15 மடங்கு. வேண்டுமென்றே உண்டாக்கிய இந்த நிலைக்கு 'ஒழுங்கின்மை' என்பதே ஏற்ற சொல்.

ஆர்டருக்கு மூலமான லத்தீன் 'ஓர்டோ' வரிசையைக் குறிக்கும்; தறியில் கட்டிய இழைவரிசை அதன் பழம்பொருள். பல்லடத்தில் தறிக்குப் பாவு (நீளவாட்டு நூல்) ஓட்டுகிறவருக்கு இது உடனே பிடிபடும். தமிழ் 'ஒழுங்கு'க்கும் வரிசை என்ற பொருள் உண்டு. அது 'ஒழுகு' என்ற வினையின் உறவு. அணுக்கள் ஒழுங்காக நின்றால் மின்னோட்டம் தங்குதடையின்றி ஒழுகும் என்பதால், இந்த இயற்பியலுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது.

எலெக்ட்ரான் அலையாகப் பரவுகிறது. சம இடைவெளியில் நிற்கும் அணுக்கள் அதைச் சிதறடிப்பதில்லை. வேற்றணு, காலியிடம், அடுக்குப் பிசகு, வெப்ப அதிர்வு ஆகியவை சிதறடிக்கும். ஒழுங்கின்மை மிகுந்தால் அலை ஓரிடத்திலேயே முடங்கிவிடும் என்று 1958-இல் இயற்பியலாளர் பிலிப் ஆண்டர்சன் காட்டினார்.

கோவையில் மோட்டார் காயில் கட்டும் பட்டறைகளுக்கு இந்தச் சிதறல் அன்றாடக் கணக்கு. 1 சதுர மி.மீ. குறுக்குப்பரப்புள்ள, அனீலிங் செய்த (காய்ச்சி ஆறவிட்ட) செம்புக்கம்பி 100 மீட்டருக்கு 20 டிகிரி செல்சியஸில் 1.724 ஓம் காட்ட வேண்டும். 35 டிகிரியில் அதுவே 1.826 ஓம். இந்தத் திருத்தத்தை விட்டால் நல்ல கம்பியும் மட்டமாகத் தெரியும். எனாமலைச் சுரண்டிவிட்டு விட்டத்தை அளந்துபாருங்கள்: விட்டத்தில் 1 விழுக்காடு பிசகினால் தடையில் 2 விழுக்காடு பிசகும். அனீலிங் செய்யாத இழுப்புக்கம்பியின் கூடுதல் தடையே 2, 3 விழுக்காடுதான். அளவுப் பிழையிலேயே அது மறைந்துபோகும்.

இழுக்கும்போது விழுந்த அடுக்குப் பிசகை அனீலிங் சரிசெய்யும். வேற்றணுவை அது வெளியேற்றாது. ஏசி செம்புக்குழாயில் பாஸ்பரஸ் இருக்கும், 0.02 விழுக்காடு இருந்தாலே கடத்துதிறன் சுமார் 15 விழுக்காடு குறையும். அந்தக் கழிவை உருக்கி இழுத்த கம்பி கைக்கு மென்மையாக வளையும், பளபளக்கும். அதன் குறை ஓம் அளவில்தான் அகப்படும்.