ஸ்பெசிமன்: தமிழில் எந்தச் சொல்?

ஆங்கிலத்தில் ஸ்பெசிமன் என்றால் பாதிப் பேர் யோசிக்காமல் 'மாதிரி' என்று போட்டுவிடுகிறோம். கிளினிக்கில் இரத்த மாதிரி, கடையில் துணி மாதிரி, பேச்சில் 'அந்த மாதிரி', எல்லாவற்றுக்கும் ஒரே சொல். தப்பில்லை, ஆனால் அரும்பொருளகத்துப் பூச்சிக்கு அது போதாது.

லத்தீனில் பார்ப்பதைக் குறிக்கும் வினையிலிருந்து வந்தது 'ஸ்பெசிமன்'. ஒன்றை இன்னதென்று காட்டிக்கொடுக்கும் அடையாளம், சான்று என்பதே பழைய பொருள். நமக்கு வேண்டியதும் அந்தச் 'சான்று'தான்.

தேயிலைக் கொசுவை எடுத்துக்கொள்வோம். பேரில்தான் கொசு, உண்மையில் தேயிலைக் கொழுந்து, கொக்கோ காய் இவற்றின் சாற்றை உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி. 11,000 இனங்களுக்கு மேல் உள்ள மிரிடே குடும்பம். முதுகில் குண்டூசி குத்திவைத்தது போல ஒரு சின்ன முள் நிற்கும், நுனியில் குமிழோடு. உடம்பில் ஊசி ஏற்றினால் நொறுங்கிவிடும் என்பதால் முக்கோணமாக வெட்டிய அட்டைத் துண்டின் நுனியில் ஒட்டி, ஊசியை அட்டையில் குத்துவார்கள். அதே ஊசியில் கீழே ஒரு துண்டுச்சீட்டு: பிடித்த இடம், தேதி, பிடித்தவர் பெயர், முடிந்தால் எந்தச் செடியில் என்பதும். சீட்டு தொலைந்தால் பூச்சி எவ்வளவு அழகாக இருந்தும் ஆய்வுக்கு அநேகமாக உதவாது.

ஓர் இனம் எங்கெங்கே காணப்படுகிறது என்று காட்டும் பரவல் வரைபடம் போடுவதும் இந்தச் சீட்டுகளை வைத்துத்தான். ஊர்ப்பெயரை அட்சரேகை, தீர்க்கரேகையாக மாற்றி ஒவ்வொன்றையும் ஒரு புள்ளியாக வைப்பார்கள், கேட்கச் சுலபம்தான். சீட்டில் வெறுமனே 'சிங்கப்பூர்' என்றிருந்தால் புக்கிட் தீமா காடா, சாங்கியா, யாருக்குத் தெரியும்? தீவு முழுவதையும் அடக்கும் பிழை எல்லையோடுதான் அந்தப் புள்ளியை வைக்க முடியும். 'புலாவ் பிளாக்காங் மாத்தி' என்றிருந்தால் அது இன்றைய செந்தோசா என்று தெரிந்த ஆள் வேண்டும். சிங்கப்பூருக்கு ஜப்பானியர் வைத்த 'சியோனான்' என்ற பெயர் இருந்தால் தேதி அழிந்துபோயிருந்தாலும் 1942க்கும் 1945க்கும் இடைப்பட்ட ஜப்பானியர் காலம் என்று ஊகித்துவிடலாம். அப்புறம் இன்னொன்று, புள்ளி இல்லாத இடத்தில் பூச்சி இல்லை என்று அர்த்தமில்லை, அங்கே யாரும் தேடிப் போகாமலும் இருந்திருக்கலாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பொதுவாக எழுதும்போது 'மாதிரி' இருக்கட்டும். இடமும் தேதியும் உள்ள சீட்டோடு அரும்பொருளகத்தில் வைத்திருப்பதற்கு 'சான்றுமாதிரி' என்பது என் தேர்வு, 'சான்றுமாதிரிப் பதிவுகள்' என்று எழுதினாலும் இடறாது. ஓர் இனத்துக்கு முதன்முதலில் பெயர் வைக்கும்போது ஆதாரமாகக் காட்டும் டைப் ஸ்பெசிமனுக்கு 'வகைமாதிரி' ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.